பன்னீருக்கு அரை நிமிடம்

அத்தியாயம் ஆறு

வேதகிரியின் துப்பறியும் ஆபீசில் ஒரு நாற்காலியும் ஒரு பெஞ்சும் உண்டு. ஃபீஸ் கொண்டு வருகிறவர்களுக்கு நாற்காலி, வெறும் கதை கொண்டு வருகிறவர்களுக்குப் பெஞ்சு. இதை யாரும் எங்கேயும் எழுதி வைக்கவில்லை. உதவியாளர் சிட்டம்மாள், வருகிறவரின் கையை ஒரு பார்வை பார்த்துக் கண்ணாலேயே இடம் காட்டிவிடுவாள். அன்றைக்கு வந்த மேரி யார் கண்ணையும் பார்க்காமல் நேராகப் பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். அது சிட்டம்மாளுக்குச் சுருக்கென்றது.

உத்திரமேரூர்க் கடைத்தெருவில் ஒரு நெல் மண்டிக்கு மேலே இருந்தது அந்த ஆபீஸ். கீழே மூட்டையைப் புரட்டினால் மேலே தும்மல் வரும். வேதகிரி இருபது வருஷம் கோர்ட்டு அமீனாவாக வீடு வீடாகப் போய்ச் சம்மன் சார்வு செய்தவர். ஒளிந்துகொள்கிறவர்களைத் தேடிப் பிடிப்பதில் தமக்கு ஒரு ஞானம் இருப்பதைத் தெரிந்துகொண்டு, பென்ஷன் வந்ததும் போர்டு மாட்டிவிட்டார். சிட்டம்மாள் நாடகக் கம்பெனியில் காமிக் வேஷம் கட்டியவள். கம்பெனி கலைந்துவிட்டது, வாய் மட்டும் கலையவில்லை.

"சொல்லும்மா" என்றார் வேதகிரி.

மேரிக்கு முப்பது வயதிருக்கும். நடவுக்கும் களைக்கும் போகிற கை, அதில் மடித்த நோட்டீஸ் ஒன்று. "நான் பெருநகர் விவசாயக் கூலிகள் சங்கத்துக் காரியதரிசி சார். நாளைக்குக் காலைல பத்து மணிக்கு இந்த ஊரு சர்க்கார் பங்களாவுல மந்திரி சங்கங்களைப் பார்க்கிறாரு. போன வாரம் வரவேற்புக் கமிட்டி எழுதின லிஸ்ட்ல எங்க சங்கம்தான் மொதல்ல இருந்திச்சி. பத்து நிமிஷம்னு போட்டிருந்திச்சி, என் கண்ணால பார்த்தேன். இப்ப அச்சு நோட்டீஸ்ல எங்க பேரே காணோம்."

"கோழி காணோம்னு வந்திருக்காங்க, மூக்குத்தி காணோம்னு வந்திருக்காங்க" என்றாள் சிட்டம்மாள். "பேரு காணோம்னு வந்தது நீதாம்மே மொத ஆளு."

மேரி சிரிக்கவில்லை. "சிரிக்கிற விஷயம் இல்லக்கா. ஆத்துப் படுகைல நாப்பத்திரெண்டு குடும்பம் எட்டு வருஷமா பயிர் வெச்சிக்கினு கீறோம். முள்ளு வெட்டினது நாங்க, மேடு தட்டினது நாங்க. இப்ப ரைஸ்மில் பஞ்சாட்சரம் கூட்டுறவுப் பண்ணைச் சங்கம்னு ஒண்ணு வெச்சிக்கினு அந்த நெலத்தைக் கேக்குறாரு. நாளைக்கு அவரு பேசுவாரு, நாங்க பேச மாட்டோம். நாளன்னிக்கு எங்களைப் படுகைலேர்ந்து எறக்கிடுவாங்க."

சிட்டம்மாள் எழுந்து போய் நாற்காலியை இழுத்து வந்து மேரிக்குப் பக்கத்தில் போட்டாள். மேரி அதைப் பார்த்துவிட்டு, பெஞ்சிலேயே இருந்தாள்.

வேதகிரி நோட்டீசை விரித்தார். மஞ்சள் தாள், சிவப்பு மசி. மந்திரியைச் சந்திக்கும் சங்கங்கள் வரிசையாக அச்சாகியிருந்தன. ஏரிப் பாசன சங்கத்துக்கு அரை நிமிடம். ஜவுளி வியாபாரிகளுக்கு ஒரு நிமிடம். சைக்கிள் கடைக்காரர்களுக்கு மூன்று. கூட்டுறவுப் பண்ணைச் சங்கத்துக்கு இருபது. மாட்டுத் தரகர்களுக்கு ஏழு. கடைசியில் வாலிபர் நாடக சபா, இரண்டு நிமிடம்.

"ஏரிக்கு அரை நிமிஷமா?" என்றாள் சிட்டம்மாள். "மதகு ஒடைஞ்சி ஊரே பேஜாரா கீது. 'ஐயா, மதகு'ன்னு வாயத் தொறக்கிறதுக்குள்ள மணி அடிச்சிடுவாங்களே. மாட்டுத் தரகன் ஏழு நிமிஷம் மந்திரிகிட்ட இன்னா பேசுவான்? பல்லு புடிச்சிப் பார்ப்பானா?"

"அதான் விஷயம்" என்றார் வேதகிரி. "பேரை எடுத்தது யாருன்னு எல்லாரும் கேப்பாங்க. எனக்கு இந்த நிமிஷக் கணக்கு யார் மண்டையில உதிச்சதுன்னு தெரியணும். அஞ்சுன்னு போடுவான், பத்துன்னு போடுவான். ஏழுன்னு எவன் போடுவான்?"

"பஞ்சாட்சரம் செஞ்ச வேலைதான் சார்" என்றாள் மேரி.

"இருக்கலாம். ஆனா அவர் செஞ்சிருந்தா தனக்கு ஒரு மணி நேரம் போட்டுக்குவார். இருபதோட நிறுத்த மாட்டார்."

மூவரும் கீழே இறங்கினார்கள். புரட்டாசிக் கடைசி வெயில், முந்தாநாள் ராத்திரி பெய்த மழைக்கும் சேர்த்து வட்டி வாங்கிக்கொண்டிருந்தது. பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வந்ததும் சிட்டம்மாளின் கால் தானாகவே சோடாக் கடைப் பக்கம் திரும்பியது.

"வாத்தியாரே, நாக்கு ஒட்டிக்கிச்சி. துப்பு எங்கயும் ஓடிப் போவாது. ஒரு சோடா."

கடைக்காரன் கோலியை அமுக்கினான். சிட்டம்மாள் சோடாவைக் குடித்தாள், நடுவில் ஏப்பம் விட்டாள், மறுபடி குடித்தாள். பாட்டிலைத் திருப்பிக் கொடுக்கும்போது பார்த்தால் வேதகிரி பாக்கெட் கடிகாரத்தைப் பார்த்து நோட்டில் எதையோ எழுதிக்கொண்டிருந்தார்.

இது அவருக்குப் பழைய வியாதி. சம்மன் சார்வு செய்த நேரத்தை எழுதி எழுதி, எது நடந்தாலும் எத்தனை நிமிடம் என்று குறித்துக்கொள்வார். சிட்டம்மாள் கல்யாணத்தில் தாலி கட்ட ஆன நேரம் அந்த நோட்டில் இருக்கிறது. அடுத்த வரியில் அந்தக் கல்யாணம் நீடித்த நேரமும் இருக்கிறது.

"இன்னா எழுதினே?"

"மூணு நிமிஷம்."

"நான் சோடா குடிச்சத்தையா? கருமம்."

வேதகிரி இன்னொரு தடவை கடிகாரத்தைப் பார்த்தார். நோட்டைப் பார்த்தார், பிறகு மஞ்சள் நோட்டீசைப் பார்த்தார். சைக்கிள் கடைக்காரர் சங்கம், மூன்று நிமிடம். அவர் மீசை ஓரம் லேசாக நடுங்கியது. பதினெட்டு வருஷம் ஒளிந்திருந்த ஒரு கடன்காரனை நெல் குதிருக்குள் கண்டபோதும் இதே மீசை இப்படித்தான் நடுங்கியதாம்.

"சிட்டு, காபி சுடச்சுட வந்தா குடிக்க எவ்வளவு நேரம் ஆகும்?"

"ஆத்தி ஆத்திக் குடிச்சா ஒரு ஏழு..." சிட்டம்மாள் நிறுத்திக்கொண்டாள். "அட."

"மாலை போட்டுக் கழட்ட?"

"ஒரு நிமிஷம். வெத்தலை மடிச்சி வாய்ல போட்டுக்க ரெண்டு. இட்லி, வடை, பொங்கல், கேசரின்னு மந்திரி குந்தி நாஷ்டா பண்ண இருவது!" அவள் நோட்டீசைப் பிடுங்கிக்கொண்டாள். "வாத்தியாரே, இது சங்கத்து லிஸ்ட்டே இல்ல. விருந்தாளி வந்தா இன்னா இன்னா செய்வோமோ அந்த வரிசை. மாலை, சோடா, நாஷ்டா, காபி, வெத்தலை. எவன் எத்தக் குடுக்கிறானோ, மந்திரி அத்த முழுங்கி முடிக்கிற வரைக்கும் அவன் பேசலாம்."

"அப்போ அரை நிமிஷம்?" என்றாள் மேரி.

அதுதான் இடித்தது. அரை நிமிடத்தில் மந்திரிக்கு என்னதான் கொடுக்க முடியும்? சிட்டம்மாள் கண்ணை மூடிக்கொண்டு ஒரு கல்யாண வாசலில் போய் நின்றாள். உள்ளே நுழைகிறாள், சந்தனம் நீட்டுகிறார்கள், அதற்கு முன்னால் ஒருத்தி வெள்ளிச் செம்பை ஆட்டி மூஞ்சியில் தெளிக்கிறாள்.

"பன்னீரு!" என்று கத்தினாள். சோடாக் கடைக்காரன் திடுக்கிட்டு ஒரு கோலி சோடாவைத் தவறவிட்டான். "ஏரிப் பாசனக்காரன் கஞ்சப் பய, பன்னீரு குடுத்துக்கீறான்! அதான் அரை நிமிஷம்!"

மேரி சிட்டம்மாளின் கையிலிருந்த நோட்டீசையே பார்த்தாள். அவள் முகம் மாறியிருந்தது.

"நாங்க கீத்து குடுத்தோம் சார்" என்றாள் மெதுவாக. "கமிட்டிக் காரியதரிசி ஏகாம்பரம் ஐயாதான் வந்து கேட்டாரு. பங்களா வாசல்ல பந்தல் போடணும், முப்பது கட்டுத் தென்னங்கீத்து முடைஞ்சி குடுங்கன்னாரு. பொம்பளைங்க எல்லாம் நாலு நாளு குந்தி முடைஞ்சோம். நாங்க தண்ணி குடுத்தா குடிக்க மாட்டாங்க. காபி குடுத்தா தொட மாட்டாங்க. கீத்து தலைக்கு மேலதானே கெடக்கும், அதுல இன்னா கீது? அதனாலதான் எங்ககிட்ட கீத்து கேட்டாருன்னு அப்பவே நெனச்சேன். அதுக்குத்தான் மொத எடமும் பத்து நிமிஷமும்னு எனக்குத் தோணல."

சிட்டம்மாளுக்கு எரிச்சல் பற்றிக்கொண்டு வந்தது. சோடாவுக்கு மூன்று நிமிடம் என்று சிரித்தாளே, சிலபேர் சோடாவே கொடுக்க முடியாது என்பது அவளுக்கு அதுவரை தோன்றவில்லை. தன்மேலேயே கோபம் வந்தால் அவளுக்கு வாய் இன்னும் வேகமாக ஓடும். "வா வாத்தியாரே, பங்களாவுக்குப் போவலாம். பஞ்சாட்சரம் கீத்தைத் தள்ளிட்டு வேற ஏதோ குடுத்திருக்கான். இல்லன்னா என் பேரை மாத்திக்கிறேன்."

பங்களா வாசலில் அவள் பேர் பிழைத்தது. பச்சையும் வெள்ளையுமாகப் பட்டை போட்ட ஒரு பெரிய ஷாமியானாவை ஆட்கள் நிறுத்திக்கொண்டிருந்தார்கள். ஓரத்தில் 'பஞ்சாட்சரம் ரைஸ் மில்' என்று சிவப்பு நூலில் தைத்திருந்தது. அதற்குக் கீழே ஏகாம்பரம், மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நாற்காலிகளை வரிசைப்படுத்திக்கொண்டிருந்தார். ஊரில் இருபத்து மூன்று வருஷமாகப் பிரம்மோற்சவம் நடத்துகிறவர். நல்ல மனுஷர், யாரையும் வாடா போடா என்று பேசமாட்டார்.

வேதகிரி நோட்டீசை நீட்டிக் கேட்டார். மறுப்பார், மழுப்புவார், குறைந்தது முகமாவது சிவக்கும் என்று சிட்டம்மாள் காத்திருந்தாள். ஏகாம்பரத்துக்குப் பெருமை தாங்கவில்லை.

"கண்டுபுடிச்சிட்டீங்களா! ஒவ்வொண்ணுக்கும் நான்தான் கணக்குப் பண்ணி நிமிஷம் போட்டேன். பின்ன எப்டிங்க பண்றது? இந்தச் சுத்துவட்டாரத்துல நாப்பது சங்கம் கீது. எல்லாரும் பேசணும்னா மந்திரி இங்கயே குடித்தனம் வந்துட வேண்டியதுதான். சாமி பொறப்பாட்டுல யாரு வூட்டு முன்னால நிக்குது? உபயதாரர் வூட்டு முன்னால. நெய்வேத்தியம் ஆவுற வரைக்கும் நிக்குது, அப்பால நவுருது. உபயம் பண்ணாதவன் வூட்டு முன்னால நின்னா, பண்ணவன் சும்மா இருப்பானா?"

"மந்திரி சாமி இல்லீங்களே" என்றார் வேதகிரி.

"நாளைக்கு ஒரு நாள் சாமிதானே?" என்றார் ஏகாம்பரம், ரொம்ப நியாயமாக.

"யாருக்கு என்ன குறைன்னு பார்த்து வரிசை போட்டா என்ன?" என்றார் வேதகிரி.

"கொறை எல்லாருக்கும் கீது. உபயம் கொஞ்சம் பேருக்குத்தான் முடியும். எத்த வெச்சிப் பிரிக்கிறது, நீங்களே சொல்லுங்க."

வேதகிரி நோட்டீசை மடித்தார். சிட்டம்மாளுக்கு ஆபீசின் நாற்காலியும் பெஞ்சும் நினைவுக்கு வந்து தொலைத்தன. அவள் ஷாமியானாவை அண்ணாந்து பார்த்தாள்.

"அப்போ இவங்க கொடுத்த கீற்றைத் தள்ளிட்டு, பஞ்சாட்சரம் ஷாமியானாவைக் கொண்டுவந்து மாட்டிட்டார்" என்றார் வேதகிரி கடைசியில். "அதோட இவங்க பேர் போச்சு. அப்படித்தானே?"

"யாரு சொன்னது?" ஏகாம்பரத்துக்கு அப்போதுதான் கோபம் வந்தது. "நான் ஒருத்தர் உபயத்த இன்னொருத்தருக்கு மாத்துவேனா? இருவத்து மூணு வருஷத்துல அந்தப் பேச்சு வந்ததில்ல. பஞ்சாட்சரம் கால்ல விழாத கொறையா நான்தான் கேட்டு ஷாமியானா வாங்கிக்கினு வந்தேன். கீத்தைத்தான் நேத்துக் காலைல வண்டி கட்டிக்கினு வந்து அவங்களே தூக்கினு பூட்டாங்களே! மந்திரியை மொட்டை வெயில்லயா குந்த வெக்கிறது?"

"யாரு தூக்கினு போனது?" என்றாள் மேரி.

"உங்க தலைவருதாம்மா. செங்கேணி. 'ஐயா, கீத்து வேணும்'ன்னாரு. உபயத்தைத் திருப்பி எடுக்கிறியான்னு கேட்டேன். ஆமான்னு முப்பது கட்டையும் ஏத்திக்கினு போனாரு. நான் இன்னா பண்ணுவேன்? பேரை அடிச்சிட்டு அச்சுக்கு அனுப்பினேன்." அவர் தம் கையிலிருந்த நோட்டீசைக் காட்டினார். அதில் கூட்டுறவுப் பண்ணைச் சங்கத்தின் இருபது பேனாவால் முப்பதாகத் திருத்தப்பட்டிருந்தது. "பந்தலோட பத்து நிமிஷம் இப்ப ஷாமியானாவுக்குப் பூடுச்சி."

மேரி ரெண்டு நாளாக கைநாட்டு வாங்கிய மனுவுக்கு டைப் நகல் எடுக்கக் காஞ்சிபுரம் போயிருந்தவள். அவளுக்கு இது தெரியாது. அவள் திரும்பி ரோட்டைப் பார்த்து நடக்க ஆரம்பித்தாள். பெருநகர் பஸ்ஸில் சிட்டம்மாள் இரண்டு தடவை வாயைத் திறந்து இரண்டு தடவையும் மூடிக்கொண்டாள். தலைவன் விலை போய்விட்டான் என்று மூன்று பேருக்கும் ஒரே நினைப்பு. பஞ்சாட்சரம் எத்தனை மூட்டை கொடுத்திருப்பான் என்று சிட்டம்மாள் மனசுக்குள் எண்ணிக்கொண்டே வந்தாள்.

செங்கேணி ஒரு குடிசையின் கூரைமேல் இருந்தார். ஐம்பது வயது, எலும்பும் நரம்புமான உடம்பு, வாயில் ஒரு கயிற்றுத் துண்டு. அவர் கட்டிக்கொண்டிருந்தது பச்சை மாறாத புதுக் கீற்று. அந்தக் குடிசை மட்டுமில்லை, வரிசையில் ஏழெட்டுக் கூரையில் அதே புதுக் கீற்று தெரிந்தது.

"எறங்கு அண்ணே" என்றாள் மேரி. "எறங்கி வந்து சொல்லு. எதுக்குக் கீத்தை எடுத்தாந்தே?"

செங்கேணி வாயிலிருந்த கயிற்றை எடுத்தார். "வந்துட்டியா மேரி? மெதுவா பேசு, ஆண்டாளு இப்பத்தான் கண்ணசந்தா. அன்னிக்கு ராவுல பேஞ்ச மழைல இவ கூரை பிச்சிக்கினு பூடுச்சி. புள்ள பெத்து மூணு நாளு. பச்சப் புள்ள மேல சொட்டு சொட்டா வுழுது, இவ எங்க திருப்பிப் படுத்தாலும் வுழுது. கீத்து அங்க பங்களாவுல சும்மா அடுக்கிக் கெடந்திச்சி. நாம முடைஞ்ச கீத்துதானே? மீந்தத்தை மத்தவங்க கூரைக்கும் போட்டேன்."

"அந்தக் கீத்தாலதான் நமக்கு மந்திரி லிஸ்ட்ல எடம் அண்ணே. நீ எடுத்தாந்ததும் நம்ம பேரை அடிச்சிட்டாங்க."

செங்கேணிக்கு விளங்கவில்லை. மேரியைப் பார்த்தார், வேதகிரியைப் பார்த்தார். "கீத்துக்கும் மந்திரிக்கும் இன்னா சம்பந்தம்? பெட்டிஷன்ல நாப்பத்திரெண்டு பேரு கைநாட்டு வெச்சிக்கீறோமே. அத்தப் பார்த்துத்தானே கூப்புட்றாங்க?"

சிட்டம்மாளுக்கு யாரையாவது ரெண்டு சாத்து சாத்தலாம் போலிருந்தது, ஆளைத்தான் காணோம். ஏகாம்பரம் நியாயஸ்தர், செங்கேணி அதைவிட நியாயஸ்தர், பஞ்சாட்சரம்கூட இந்தப் பந்தல் விஷயத்தில் கேட்டதைக் கொடுத்தவன்தான். ஒரு அயோக்கியன்கூட இல்லாமல் நாற்பத்திரண்டு குடும்பத்தின் நிலம் போகப் போகிறதே என்று அவளுக்கு ஆத்திரமாக வந்தது.

"கேஸ் முடிஞ்சுது" என்றார் வேதகிரி. அதை அவர் சந்தோஷமாகச் சொல்லவில்லை.

மேரி கூரைக்குக் கீழே தரையில் உட்கார்ந்துவிட்டாள். செங்கேணி இறங்கி வந்து அவள் பக்கத்தில் நின்றார். ஆறுதல் சொல்லத் தெரியாமல், வாய்க்கு வந்ததைச் சொன்னார். "சரி, நாளைக்குக் காலைல எங்கயும் போயிடாத. எல்லாரும் ஆத்துக்கு வரணும்னு தலையாரி தண்டோரா போட்டுட்டுப் போனான்."

"எதுக்கு?" என்றார் வேதகிரி.

"மந்திரி வந்தவாசிலேர்ந்து வர்றாராம். மழைல ஆத்துல தண்ணி வுட்டுக்கீது, கார் தானா ஏறாது. பெரிய மனுஷங்க வண்டி வந்தா நாங்கதான் தள்ளி இந்தாண்ட கரையேத்துவோம். எப்பவும் நடக்கிறதுதான்."

வேதகிரியின் மீசை நடுங்க ஆரம்பித்தது. சிட்டம்மாள் அதைப் பார்த்தாள்.

"செங்கேணி" என்றார் அவர் நிதானமாக, கோர்ட்டில் பேசுகிற குரலில். "தள்ள மாட்டேன்னு சொன்னா கேஸ் ஆகிடும். வழி மறிச்சாலும் கேஸ். ஆனா மூச்சு வாங்குதுன்னு நின்னா, அதுக்கு எந்த செக்ஷனும் கிடையாது. நான் இருபது வருஷம் கோர்ட்டுல இருந்தவன், தேடிப் பார்த்திருக்கேன்."

செங்கேணி அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அன்றைக்கு முதல் தடவையாகச் சிரித்தார். "மணலு படா மோசம் சார்" என்றார். "எப்படியும் மூச்சு வாங்கத்தான் செய்யும்."

மறுநாள் காலை ஒன்பதேகாலுக்கு மந்திரியின் கறுப்புக் கார் செய்யாற்றில் இறங்கியது. பாதி ஆறு தாண்டியதும், சிட்டம்மாள் கரையிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கும்போதே, பின் சக்கரம் மணலில் புதைந்தது. பின்னால் வந்த போலீஸ் ஜீப் அதற்கும் முன்னாலேயே புதைந்துவிட்டது. நாற்பது பேர் இடுப்புத் துணியை வரிந்து கட்டிக்கொண்டு காரைத் தள்ளினார்கள். நட்டாற்றில் நல்ல இடமாகப் பார்த்து, பச்சமுத்து என்ற கிழவர் இருமினார். நாற்பது பேரும் நின்றார்கள்.

முன் சீட்டிலிருந்து மந்திரியின் காரியதரிசி தலையை நீட்டினார். "ஏன்யா நிறுத்திட்டீங்க?"

"மூச்சு வாங்குதுங்க ஐயா" என்றார் செங்கேணி. அவர் மூச்சு ஒழுங்காகத்தான் இருந்தது.

முழங்கால் தண்ணீரில் மேரி பின் ஜன்னலுக்கு வந்தாள். சேலைத் தலைப்பில் சுற்றி வைத்திருந்த மனுவை எடுத்தாள். மந்திரி கனத்த உடம்புக்காரர், வந்தவாசியில் எதுவும் சாப்பிடாமல் கிளம்பியவர். முகத்தில் பசி தெரிந்தது. ஆனால் கெட்ட முகம் இல்லை.

"ஐயா, நாங்க பெருநகர் கூலிகள் சங்கம். ஒரு மனு."

"பங்களாவுக்கு வாங்கம்மா. எல்லாச் சங்கத்தையும் அங்கதான் பார்க்கிறேன். உட்கார்ந்து விவரமா பேசலாம்."

"அங்க எங்களுக்கு எடம் இல்லீங்க ஐயா."

மந்திரி ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். இந்தப் பக்கம் தண்ணீர், அந்தப் பக்கமும் தண்ணீர், பின்னால் மணலில் புதைந்த ஜீப்.

"இங்க உங்களுக்கு வேற எடம் இல்லீங்க" என்றாள் மேரி. மிரட்டவில்லை. ஊருக்கு வழி சொல்வதுபோல்தான் சொன்னாள். கரையில் வேதகிரி பாக்கெட் கடிகாரத்தை எடுத்தார். காரியதரிசி போலீசைக் கூப்பிட வாயைத் திறந்தார். மந்திரி கையைக் காட்டி அவரை நிறுத்தினார்.

"சொல்லும்மா."

மேரி சொன்னாள். படுகை, எட்டு வருஷம், நாற்பத்திரண்டு குடும்பம், புறம்போக்கில் பயிர் வைத்ததற்காக வருஷா வருஷம் சர்க்கார் பி-மெமோ போட்டு அவர்களிடம் வாங்கிய தண்டம், அதற்கான ரசீதுகள். மந்திரி நெற்றியைச் சுருக்கிக்கொண்டு காரியதரிசியிடம் கையை நீட்டினார். காரியதரிசி மடியிலிருந்த ஃபைலைப் புரட்டி ஒரு தாளைக் கொடுத்தார்.

"இந்த நிலமா? கூட்டுறவுப் பண்ணைச் சங்கத்துக்குக் கொடுக்கச் சொல்லி எனக்கு முன்னாடியே மனு வந்திருக்கே. இதுல அது வெறும் தரிசுன்னு போட்டிருக்கு. பத்து வருஷமா யாரும் பயிர் வைக்கலைன்னு."

மேரி கையை நீட்டினாள். நூறு கெஜத்தில் கரை மேடு. கரை நெடுக கேழ்வரகு கதிர் முற்றித் தலை கவிழ்ந்து நின்றது. அதற்கு அந்தாண்டை மல்லாட்டை என்கிற வேர்க்கடலைக் கொல்லை.

"தோ, அதாங்க தரிசு."

மந்திரி பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பங்களா ஷாமியானாவுக்கு அடியில் முப்பது நிமிடம் உட்கார்ந்திருந்தாலும் அது அவர் கண்ணில் பட்டிருக்காது. கதவைத் திறந்து, பளபளத்த செருப்போடு அப்படியே தண்ணீரில் இறங்கினார். மனுவைக் கார் கூரைமேல் வைத்துக்கொண்டு பேனாவைக் கேட்டார்.

நான்கு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டார். மேரி வாங்கி மனசுக்குள் படித்தாள்.

"சரி, தள்ளுங்கப்பா" என்றார் காரியதரிசி. "அங்க டிபன் ஆறிப்போகுது."

யாரும் கையை வைக்கவில்லை.

"இன்னா எழுதிக்கீதுன்னு படி மேரி" என்றார் செங்கேணி. "கைநாட்டு வெச்சவங்க நாங்கதானே. எங்களுக்குப் படிச்சிக் காட்டு."

மேரி தொண்டையைச் செருமிக்கொண்டு படித்தாள். படுகையை நேரில் சர்வே செய்து பயிர் வைப்பவர்களை விசாரித்து முடிவு சொல்லும் வரை, தற்போது பயிர் செய்யும் எவரையும் வெளியேற்றக்கூடாது. கூட்டுறவுப் பண்ணைச் சங்கத்தின் மனு அதுவரை நிறுத்தி வைக்கப்படுகிறது.

"கேக்கல!" என்று ஜீப்புக்குப் பின்னாலிருந்து ஒரு பெண் குரல் வந்தது. "எங்களுக்குக் கேக்கல மேரி!"

மேரி திரும்பி நின்று, ஆறு முழுக்கக் கேட்கிற மாதிரி, முதல் வரியிலிருந்து மறுபடி படித்தாள். மந்திரி முழங்கால் நனைய நின்று, தாம் எழுதியதை முழுசாகக் கேட்டார். அவள் மடித்து முடித்த பிறகுதான் நாற்பது பேரும் காரில் கை வைத்தார்கள்.